என் ஓட்டு கேயாசியத்துக்கு

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதைக்குள் விளையாடும் ரோல்-பிளேயிங் ஆட்டங்களை வெளியிடும் பதிப்பகங்களில் எது பிடிக்கும் என்ற கேள்விக்கு என் பதில் இது. செங்கோட்டையில் எங்கள் ஞாயிறு ஆட்டத்துக்குப் புனலூரிலிருந்து ரயிலேறி வரும் நண்பர், பாத்ஃபைண்டர் ஆட்டத்தை வெளியிடும் பைசோ பதிப்பகத்தின் பரம பக்தர். படங்கள் அழகுதான், மறுக்கவில்லை. அந்தத் தடித்த விதிநூலைப் படித்து முடிப்பதற்குள் குற்றாலச் சாரலே ஓய்ந்துவிடும்!

நான் கேயாசியம் கட்சி. கிரெக் ஸ்டாஃபோர்டு 1975இல் தொடங்கிய பதிப்பகம். 1978இல் வந்த அவர்களின் ரூன்க்வெஸ்ட் ஆட்டத்தில் போர்வீரன், மந்திரவாதி என்று கதாபாத்திரங்களைப் பிரிக்கும் வகுப்பே கிடையாது. வாளை எடுத்துச் சண்டையிட்டால் வாள்வித்தை வளரும். அதன் கதை நடக்கும் குளோராந்தா என்ற கற்பனை உலகில் குலத்துக்கொரு காவல் ஆவி, தெய்வத்துக்கொரு வழிபாட்டு மரபு. சாஸ்தாவைக் குலதெய்வமாகக் கும்பிடும் எங்களுக்கு இதையெல்லாம் யாரும் விளக்கவே வேண்டியதில்லை.

இரண்டாமிடம் ஸ்வீடனின் ஃப்ரீ லீக் பதிப்பகம். அச்சு நேர்த்தி அபாரம். விலையைப் பற்றி மட்டும் வீட்டில் பேசுவதில்லை.