கறுப்புக் கட்டைகளில் மோகனம்: மிடி கீபோர்டும் ஐபேடுமாக நான்கு மாதங்கள்

பாடுகிறவரிடம் "உங்களுக்கு எத்தனை கட்டை?" என்று கேட்பது நம் வழக்கம். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போய், இடையில் வரும் கறுப்புக் கட்டைகளுக்கு ஒன்றரை, இரண்டரை, நாலரை என்று பெயர் வைத்ததில் பிறந்த கணக்கு அது. எனக்கு ஒன்றரைக் கட்டை. பள்ளி நாள்களில் நான்கு ஆண்டுகள் வாய்ப்பாட்டுக் கற்றுக்கொண்டதைத் தவிர எனக்கு வேறு இசைப் பயிற்சி இல்லை. கீபோர்டு வாசிக்கத் தெரியவே தெரியாது. ஆனாலும் சொந்தமாக ஒரு மெட்டுக் கட்டி, அதற்குத் தாளமும் துணையிசையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. வீட்டில் ஏற்கெனவே 2021-ல் வெளிவந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேட் ஒன்று இருந்ததால், அதனுடன் இணைத்து வாசிக்க இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் 'மிடி' என்ற மொழி தெரிந்த, 25 கட்டைகள் கொண்ட சிறிய கீபோர்டு ஒன்றைத் தை மாதத்தில் வாங்கினேன்.

பெட்டியைப் பிரித்ததும் என் மகள் இரண்டு கட்டைகளை அழுத்திப் பார்த்துவிட்டு, "அப்பா, இது வேலை செய்யலை" என்றாள். அவள் சொன்னதில் தவறில்லை. இந்த வகைக் கீபோர்டுக்குள் ஒலிபெருக்கியும் இல்லை, ஒலியும் இல்லை. ஒரு கட்டையை அழுத்தினால், எந்தச் சேனலில் (செய்தி செல்லும் தடத்தில்), எந்தச் சுரம், எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்ற செய்தியை மட்டும் அது எண்களாக அனுப்புகிறது. சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண் உண்டு. நடுவில் உள்ள ஒரு கட்டைச் சுருதிக்கு 60, என்னுடைய ஒன்றரைக் கட்டைக்கு 61. அழுத்திய வேகத்துக்கும் அப்படியே 127 வரை எண். ஒலியை உண்டாக்குவது முழுக்க ஐபேடில் உள்ள செயலியின் பொறுப்பு. 1983 ஜனவரியில் அமெரிக்காவின் 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் புரொஃபெட் 600, ரோலண்டின் ஜூப்பிட்டர் 6 என்ற இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளைக் கம்பியால் இணைத்துக் காட்டினார்களே, அன்றைய அதே மொழியைத்தான் என் மேசை மீதிருக்கும் இந்தக் கருவியும் பேசுகிறது.

முதல் வாரம் மின்சாரத்தோடு கழிந்தது. என் ஐபேடில் இருப்பது லைட்னிங் துளை. கீபோர்டில் இருந்து வருவது யூஎஸ்பி கம்பி. இடையில் போட ஒரு மலிவான அடாப்டரை வாங்கிச் செருகியபோது, இணைத்த கருவி அதிக மின்சாரம் கேட்கிறது என்ற அறிவிப்பு திரையில் தோன்றி, கீபோர்டின் விளக்குகள் அணைந்துவிட்டன. பேட்களின் (கீபோர்டில் விரலால் தட்டித் தாளம் வாசிக்கும் சிறு சதுரங்களின்) வண்ண விளக்குகள் எல்லாம் டேப்லெட்டின் மின்சாரத்தில்தான் எரிய வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு, சார்ஜரையும் கூடவே செருகிக்கொள்ளத் தனித் துளை உள்ள அடாப்டர் ஒன்றை வாங்கினேன். அதன்பின் எந்த மென்பொருளும் நிறுவாமலேயே கீபோர்டு வேலை செய்தது. ஐபேட் அறிமுகமான 2010-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த 4.2 இயங்குதளத்திலேயே மிடி வசதி சேர்க்கப்பட்டுவிட்டதால், பொதுவான யூஎஸ்பி முறையைப் பின்பற்றும் கீபோர்டுகளை அது தானாகவே அடையாளம் கண்டுகொள்கிறது. ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கு 2015-ல் வந்த 6.0 பதிப்பு முதல் இந்த வசதி உண்டு.

அடுத்த தவறு என்னுடையது. கம்பி தொல்லை வேண்டாம் என்று புளூடூத் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டு வாசித்தேன். கட்டையை அழுத்தி, விரல் அடுத்த கட்டைக்குப் போன பிறகு முந்தைய சுரம் வந்து சேர்ந்தது. நிமிடத்துக்கு 80 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்ற வேகத்தில் ஓர் அட்சரம் முக்கால் விநாடி. அதில் கால் பங்கு ஏறத்தாழ 0.19 விநாடி. புளூடூத்தில் ஒலி ஏறக்குறைய அந்த அளவுக்கே பின்தங்கக்கூடும் என்பதால், நான் இரண்டு நாள்களாக எல்லாவற்றையும் கால் இடம் தள்ளி எடுத்துப் பாடுகிறவனைப் போல வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இதை விரல் பழகாததன் குறை என்று நம்பி, தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோமோடு போராடியதுதான் வேடிக்கை. கம்பியுள்ள ஹெட்ஃபோனைச் செருகியதும் குறை மறைந்தது. செயலியின் அமைப்பில் பஃபர் என்று இருப்பதை, அதாவது ஒலியை அனுப்பும் முன் சேர்த்துவைக்கும் அளவை, 256 மாதிரிகளாக (ஒலியின் மிகச் சிறு துணுக்குகளாக) வைத்தால், விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் தாமதம் 6 மில்லிவிநாடிக்கும் குறைவாகவே சேர்கிறது. அதைக் காது உணர்வதில்லை.

வாசிக்கத் தெரியாத ஒருவனுக்கு எங்கே தொடங்குவது என்ற கேள்விக்குக் கறுப்புக் கட்டைகள் விடை தந்தன. ஒரு ஸ்தாயியில் அவை ஐந்துதான். இரண்டும் மூன்றுமாகப் பிரிந்திருக்கும் அவற்றில், மூன்றின் தொகுதியில் முதலாவதாக வருவது நாலரைக் கட்டை. அதை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு வரிசையாக அழுத்தினால் ஸ ரி க ப த (ஸட்ஜம், ரிஷபம், காந்தாரம், பஞ்சமம், தைவதம்) என்று மோகன ராகம் வருகிறது. தவறான சுரத்தில் விரல் விழ வழியே இல்லை. இன்னும் சுவையானது அடுத்து நடந்தது. ஆதார சுருதியை ஒலித்துக்கொண்டே இருக்கும் தம்பூரா செயலியின் சுருதியை மட்டும் மாற்றி, அதே ஐந்து கட்டைகளில் ரிஷபத்தை ஸட்ஜமாக எடுத்துக்கொண்டபோது மத்யமாவதி வந்தது. காந்தாரத்தை எடுத்துக்கொண்டபோது ஹிந்தோளம். பஞ்சமத்திலிருந்து சுத்த சாவேரி. தைவதத்திலிருந்து சுத்த தன்யாசி. கிரகபேதம் என்று வகுப்பில் பலகையில் எழுதிக் காட்டியதை அன்று புரிந்ததாகத் தலையாட்டியிருந்தேன். கண்ணெதிரே ஐந்து கறுப்புக் கட்டைகள் அசையாமல் இருக்க, கீழே ஒலிக்கும் சுருதி நகர்ந்ததும் ராகம் வேறாகிப் போவதைக் கேட்டபோதுதான் அது எனக்கு உண்மையில் புரிந்தது. மூன்று மாலைகள் இதிலேயே போயின. பதிவு எதுவும் செய்யவில்லை.

மெட்டு மோகனத்தில் என்று முடிவானது. ஆனால் நாலரைக் கட்டையில் என்னால் பாட முடியாது. இங்குதான் டிரான்ஸ்போஸ் பொத்தான் உதவுகிறது: கீபோர்டை ஐந்து அரைச்சுரம் (கறுப்பும் வெள்ளையும் சேர்த்து எண்ணினால் ஐந்து கட்டை) கீழே இறக்கிவிட்டால், விரல் கறுப்புக் கட்டைகளிலேயே இருக்க, ஒலி ஒன்றரைக் கட்டையில் வரும். இறக்கினேன். அதற்கு முந்தைய நாள் ஒலி செயலியிலும் இதே ஐந்தை இறக்கி வைத்திருந்ததை மறந்துவிட்டேன். இரண்டும் சேர்ந்து பத்து அரைச்சுரம் இறங்கியதில், என் மோகனத்தின் ஸட்ஜம் தம்பூராவின் பஞ்சமத்தில் போய் உட்கார்ந்தது. கேட்க அபஸ்வரமாக இருந்திருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பேன். அப்படி இல்லை என்பதுதான் சிக்கல். ப த நி ரி க என்ற ஐந்தும் ஒன்றரைக் கட்டைச் சுருதிக்கு இசைவாகவே ஒலித்ததால், சங்கராபரணத்தின் சாயலில் ஏதோ புதிதாகப் பிறந்துவிட்டது என்ற பெருமிதத்தில் அரை மணி நேரம் வாசித்தேன். ஸட்ஜத்தில் வந்து நிற்க முயன்று, அந்த ஸட்ஜம் எந்தக் கறுப்புக் கட்டையிலும் இல்லை என்று தெரிந்தபோதுதான் விழித்துக்கொண்டேன். இப்போது டிரான்ஸ்போஸ் கீபோர்டில் மட்டும்தான். செயலிகளில் அதைத் தொடுவதில்லை.

முதல் முழுப் பதிவை இரண்டாம் மாதத்தில் கேட்டேன். சுரங்கள் சரி, தாளம் சரி, மோகனம் மட்டும் இல்லை. அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்தைத் தடைசெய்து, பல பத்தாண்டுகள் ஒதுக்கியே வைத்திருந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அதன் சுரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லாது என்பது. என் பதிவு அந்தக் காரணத்துக்குச் சாட்சி சொன்னது. காந்தாரம் ஒரு படி, பஞ்சமம் ஒரு படி. நடுவில் வழியே இல்லை.

வழி இடது கைப் பக்கம் இருந்தது. கீபோர்டின் மூலையில் உள்ள சிறு குச்சியைத் தள்ளினால் சுரம் ஏறும், இழுத்தால் இறங்கும், விட்டால் சுருள்வில் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். இதைப் பிட்ச் பெண்ட் என்பார்கள். மற்ற மிடி அளவுகள் பெரும்பாலும் 128 படிகளில் முடிய, இதற்கு 16,384 படிகள் இருப்பதால் ஏற்ற இறக்கம் படிப்படியாகத் தெரியாமல் வழுவழுப்பாக வருகிறது. ஆனால் பெரும்பாலான ஒலிகளில் குச்சியின் முழு வீச்சு மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் மட்டுமே. ஸட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்கு அது போதும். மோகனத்தின் காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு மூன்று வேண்டும். வீச்சை மாற்ற இடம் தரும் ஒரு சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும்) செயலியில் முதலில் பேராசையாகப் பன்னிரண்டு என்று வைத்தேன். விரல் நுனி அசைந்தாலே சுரம் எங்கோ போய் விழுந்தது. மூன்றில் கை நிலைத்தது.

நிலைத்த பிறகும் மூன்று வாரங்கள் ஒரு தவறையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். காந்தாரக் கட்டையை அழுத்தி, குச்சியை மேலே தள்ளிப் பஞ்சமத்தை அடைவேன். அடைந்த இடத்தில் குச்சியை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிடி சற்றுத் தளர்ந்தாலும் பஞ்சமம் சுருதி இறங்கும். அடுத்த சுரத்துக்குப் போக ஒரே நொடியில் குச்சியை விட்டு, புதிய கட்டையையும் அழுத்த வேண்டும். ஒரு நாள் களைப்பில் தலைகீழாகச் செய்து பார்த்தேன். முதலில் குச்சியை முழுவதும் கீழே இழுத்து வைத்துக்கொண்டு பஞ்சமக் கட்டையை அழுத்தினேன், ஒலித்தது காந்தாரம். பிறகு குச்சியை மெல்ல விட்டேன். சுருள்வில்லே சுரத்தைப் பஞ்சமத்தில் கொண்டுபோய் இம்மியும் பிசகாமல் நிறுத்தியது. போய்ச் சேர வேண்டிய இடம் நடுவாக இருந்துவிட்டால், சுருதி சேர்ப்பது கையின் வேலையாக இல்லாமல் கருவியின் வேலையாகிவிடுகிறது. இறங்கி வரும் ஜாருவுக்கு (ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதற்கு) இதன் மறுபக்கம்: மேலே தள்ளி வைத்துக்கொண்டு கீழ்ச் சுரத்தை அழுத்தி விட வேண்டும். இதற்காகப் புதிய செயலிகளைத் தேடிச் செலவழித்த மாலைகளை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

இதனோடு இரண்டு ஏற்பாடுகளும் தேவைப்பட்டன. ஒரு நேரத்தில் ஒரே சுரம் ஒலிக்கும் மோனோ முறையையும், கட்டைகளைத் தொட்டுத் தொடர்ந்து அழுத்தினால் ஒவ்வொன்றும் புதிதாகத் தட்டாமல் ஒட்டிவரும் லெகாட்டோவையும் செயலியில் போட்டுவிட்டேன். மேலும், குச்சியின் அசைவு ஒரு சேனலில் உள்ள எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும் என்பதால், மோனோவுக்கு மாறும் முன் அதே தடத்தில் பிடித்துவைத்த ஸட்ஜமும் கூடவே ஆடியது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் தரும் எம்பீஈ என்ற முறை 2018-லேயே அங்கீகரிக்கப்பட்டுவிட்டது, ஆனால் என்னுடையது போன்ற சாதாரணக் கீபோர்டால் அது ஆகாது. சுருதியைத் தனித் தடத்துக்கு மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது.

தாளப் பதிவுக்கு ஆப்பிளின் இசைப் பதிவுச் செயலியான கராஜ்பேண்டைப் பயன்படுத்தினேன். அதில் ஒரு பகுதி என்பது இயல்பாக எட்டு பார் (மேற்கத்திய தாளக் கூறு) நீளம். நான்கு எண்ணிக்கை வீதம் 32 அட்சரம், அதாவது ஆதி தாளத்தில் நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) கச்சிதமாக உட்காருகிறது. மெட்டின் சரணத்தை ஏழு அட்சரம் கொண்ட மிச்ர சாபு தாளத்தில் அமைக்க ஆசைப்பட்டபோது கணக்குப் போட வேண்டியிருந்தது, ஏனெனில் அந்தச் செயலியில் நான்கு, மூன்று, ஆறு என்ற அளவுகள்தான் உண்டு, ஏழு இல்லை. பகுதியின் நீளத்தை ஏழு பாராக மாற்றினேன்: 28 அட்சரம், நான்கு சாபு. மெட்ரோனோம் தவறான இடத்தில் அழுத்திச் சொல்லிக் குழப்புவதால் அதை அணைத்துவிட்டு, தகிட தகதிமி என்பதை முதலில் பேட்களில் தட்டிப் பதிந்துகொண்டு, அதைக் கேட்டே மற்றவற்றை வாசித்தேன். பேட்களில் தட்டியதைக் குவாண்டைஸ் என்ற வசதியால் நேராக்கிப் பார்த்தேன். தகிட சற்றே முந்தியும் தகதிமி சற்றே சாய்ந்தும் வந்த நடை போய், தையல் இயந்திரம் ஓடுவதுபோல் ஆகிவிட்டது. நீக்கிவிட்டேன்.

காலால் மிதித்துச் சுரத்தை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலைப் பற்றி ஒரே வரி: கீபோர்டுக்கு மின்சாரம் வரும்போது பெடலின் மேல் கால் இருந்தால் அது தலைகீழாக வேலை செய்யும், காலை எடுத்துவிட்டு, கீபோர்டின் கம்பியைக் கழற்றி மறுபடி செருகினால் சரியாகும்.

சித்திரை மாதக் கடைசியில் மெட்டு முடிந்தது. மொத்தம் 2 நிமிடம் 40 விநாடி. தம்பூரா, பேட்களில் தட்டிய தாளம், குழல் சாயலில் ஒரு தடம், என் குரல். குழல் தடத்தில் காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போகும் இடம் ஆறு முறை வருகிறது. அதில் நான்கு எனக்குப் பிடித்திருக்கின்றன, இரண்டில் குச்சியை அவசரப்பட்டு விட்டது கேட்கிறது. அவற்றைத் திரும்ப வாசிக்காமல் விட்டுவிட்டேன்.

அதன்பின் தோடி ராகத்தைத் தொட்டுப் பார்த்தேன். குச்சியை இழுத்து வைத்து விட்டுவிடும் உத்தி அங்கே உதவவில்லை, ஏனென்றால் தோடியின் காந்தாரம் எங்கும் போய்ச் சேர்வதில்லை. மத்யமத்தைத் தொட்டுத் தொட்டு அசைந்துகொண்டே இருக்கிறது. எந்தக் கட்டையை நடுவாக வைத்தாலும் அசைவின் பெரும்பகுதி நடுவுக்கு வெளியே, என் கட்டைவிரலின் பொறுப்பில்தான் நடக்க வேண்டும். மத்யமக் கட்டையை அழுத்திக் கீழ்நோக்கி அசைப்பது, காந்தாரத்தை அழுத்தி மேல்நோக்கி அசைப்பதைவிடச் சற்றுத் தேவலாம் என்பது இதுவரை கண்டது. ஐபேடில் 'தோடி 11' என்ற பெயரில் கடைசியாகச் சேமித்த கோப்பு 14 விநாடி நீளம். அதில் ஒன்பதாவது விநாடியில் ஒரே ஒரு அசைவு தோடியாக இருக்கிறது.