பிஎச்டி இன்டர்வியூல பாண்டுரா பேர சொல்லி மாட்டிக்கிட்ட கதை, அதுக்கப்புறம் நான் படிச்ச விதம்

எம்எஸ்சி சைக்காலஜி முடிச்சிட்டு நெட் தேர்வுக்கும் பிஎச்டி என்ட்ரன்ஸுக்கும் ஒண்ணா ஓட்டிட்டு இருந்த நேரம். முதல் இன்டர்வியூலயே, பிடிச்ச சைக்காலஜிஸ்ட் யாரு, அவரோட ரிசர்ச் இம்பாக்ட் பத்தி சொல்லுங்கன்னு கேட்டாங்க. நானும் தெனாவெட்டா "ஆல்பர்ட் பாண்டுரா மேம், சைட்டேஷன் லட்சக்கணக்குல இருக்கு"ன்னேன் (சைட்டேஷன்னா மத்தவங்க அவங்க பேப்பர்ல இவர மேற்கோள் காட்டுற எண்ணிக்கை). "சரிப்பா, எந்த பேப்பருக்கு அதிகம், யாரு சைட் பண்றாங்க, ஏன் பண்றாங்க?" அவ்ளோதான். போபோ டால், போபோ டால்னு ரெண்டு தடவ சொல்லிட்டு முழிச்சேன். சீட் கிடைக்கல.

வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தா, அந்த போபோ டால் ஆராய்ச்சி (பெரியவங்க பொம்மைய அடிக்கிறத பாத்த குழந்தைங்க அதே மாதிரி செய்யுதான்னு பாத்தது; 1961, ஸ்டான்ஃபோர்டு நர்சரி ஸ்கூல் குழந்தைங்க 72 பேர், கூட டோரத்தியா ராஸ், ஷீலா ராஸ்னு ரெண்டு பேர், நம்ம கைடு புக்குங்கள்ல அவங்க பேரே வராது) அவருக்கு புகழ் குடுத்துச்சே தவிர, சைட்டேஷன் மலையா குவியிறது வேற எடத்துல. 1977ல சைக்காலஜிக்கல் ரிவ்யூல வந்த செல்ஃப் எஃபிகசி பேப்பர், 1986லயும் 1997லயும் வந்த ரெண்டு தடிப் புத்தகம். காரணம் யோசிச்சா சிம்பிள்தாங்க. "என்னால இது முடியும்"ங்கிற நம்பிக்கைதான் செல்ஃப் எஃபிகசி, அத ஒரு கேள்வித்தாள் வச்சு அளந்துடலாம், அதனால டீச்சர் ட்ரெயினிங், நர்சிங், சுகர் பேஷன்ட், விளையாட்டுன்னு யாரு அந்த ஸ்கேல தொட்டாலும் பாண்டுராவ சைட் பண்ணியே ஆகணும். சைக்காலஜிக்கு வெளிய இருந்து வர்ற கூட்டமே பெரிய கூட்டம். (இவ்ளோ பெரிய மனுஷன் காலேஜ்ல காலைல சீக்கிரம் வந்துட்டு சும்மா இருக்க வேணாமேன்னுதான் சைக்காலஜி கிளாஸ எடுத்தாராம், நமக்கும் அப்படி ஒரு காலிப் பீரியட் அமையல.)

இத நீங்களும் செய்யலாம். கூகுள் ஸ்காலர்ல பேப்பருக்குக் கீழ "சைட்டட் பை"ன்னு இருக்கும்ல, அத அழுத்தி, சைட் பண்ணவங்களுக்குள்ளயே தேடுற டிக்க போட்டு, நர்சிங், எஜுகேஷன்னு ஒவ்வொரு வார்த்தையா போட்டுப் பாருங்க. ஒரு சாயங்காலம் போதும், கைடு புக்குல இல்லாத விஷயம் கிடைக்கும்.

ஹெச் இன்டெக்ஸ் கண்டிப்பா கேப்பாங்க. ஒருத்தரோட ஆராய்ச்சி தாக்கத்த ஒரே எண்ணுல சொல்ற அளவு, 2005ல ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் கொண்டு வந்தது. டெஃபனிஷன மனப்பாடம் பண்ணாதீங்க, போட்டுப் பாருங்க: அஞ்சு பேப்பர், சைட்டேஷன் 50, 20, 9, 4, 3. நாலு பேப்பருக்கு நாலு அல்லது அதுக்கு மேல இருக்கு, அதனால ஹெச் 4. இப்ப அந்த 50அ 50,000 ஆக்குங்க. அப்பவும் 4தான்! பாண்டுராவோட 1977 பேப்பர் மாதிரி ஒண்ண இந்த நம்பரால காட்டவே முடியாது, இத சொன்னா பேனல் நிமிந்து உக்காரும்.

அப்புறம் 2002ல ஹாக்ப்ளூமும் கூட இருந்தவங்களும் போட்ட 20ஆம் நூற்றாண்டோட முக்கியமான சைக்காலஜிஸ்ட் லிஸ்ட். பல அளவுகள சேத்துப் போட்ட மொத்த வரிசைல ஸ்கின்னர், பியாஜே, ஃப்ராய்டு, நாலாவதா பாண்டுரா. இத எல்லாரும் படிச்சிருப்பாங்க. ஆனா ஜர்னல் சைட்டேஷன் மட்டும் வச்சு போட்ட வரிசைய பாருங்க, ஃப்ராய்டு, பியாஜே, ஐசென்க், வைனர், அதுக்கப்புறம்தான் பாண்டுரா. வைனரா, யாருடா அதுன்னு எனக்கும் தோணுச்சு. புள்ளியியல் புத்தகம் எழுதினவர். எக்ஸ்பரிமென்ட் டிசைன் போட்டவன் எல்லாம் அவர சைட் பண்ணிருக்கான், அவ்ளோதான். மூணாவது இருக்குற ஐசென்க் கதை இன்னும் மோசம், அவர் 1997ல இறந்துட்டாரு, 2019ல அவர் வேலை பாத்த கிங்ஸ் காலேஜ் லண்டன் விசாரணை வச்சு அவர் இன்னொருத்தரோட சேந்து எழுதின 26 பேப்பர நம்ப முடியாதுன்னு சொல்லிடுச்சு. சைட்டேஷன் எண்ணிக்கைல இதெல்லாம் தெரியுமா, தெரியாது.

ஸ்காலர் ப்ரொஃபைல அப்படியே நம்பாதீங்க, ஒரே பேருல இருக்குற வேற ஆளோட பேப்பரும் சில நேரம் உள்ள வந்துடும். அவங்கவங்க பேப்பர அவங்கவங்களே சைட் பண்ணிக்கிறதும் கணக்குல சேரும்.

அடுத்த இன்டர்வியூக்கு இதெல்லாம் கரைச்சு குடிச்சிட்டு போனேன். பாண்டுராவ பத்தி ஒரு வார்த்த கேக்கல, என் டிசர்டேஷன்ல சாம்பிள் சைஸ் ஏன் இவ்ளோ கம்மின்னுதான் கேட்டாங்க, நல்ல வேளையா அந்த வைனர் புத்தகத்த புரட்டினப்ப பவர் கணக்கும் (ஒரு ஆராய்ச்சிக்கு எத்தன பேர் வேணும்னு பாக்குறது) கொஞ்சம் பாத்து வச்சிருந்தேன், தப்பிச்சேன்.