பிளிகிரி ரங்கனும் தொட்ட சம்பிகே மரமும்

கர்நாடகாவுல சாம்ராஜ்நகர் பக்கம் இருக்கிற பி.ஆர்.ஹில்ஸ், அதாவது பிளிகிரி ரங்கன மலைக்குப் போறவங்க நிறைய பேர் ரங்கநாதரை சேவிச்சுட்டு, மேல இருந்து நாலு போட்டோ எடுத்துட்டு அப்படியே இறங்கிடறாங்க. என்னைக் கேட்டா அங்க காட்டுக்குள்ள இருக்கிற தொட்ட சம்பிகே மரத்தை (கன்னடத்துல 'பெரிய செண்பகம்'னு அர்த்தம்) பார்க்காம வந்தா அந்த யாத்திரை பாதிதான்.

நாங்க சத்தியமங்கலம் வழியா போனோம். திம்பம் மலைப்பாதையில 27 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் ஆசனூர், சாம்ராஜ்நகர், அங்கிருந்து கே.குடி வழியா முழுக்க காடு. ஸ்ரீரங்கத்துல சயனக் கோலத்துல சேவிச்ச ரங்கநாதர் இங்க நின்ன கோலத்துல இருக்கார், பார்த்த உடனே மனசு நெகிழ்ந்துடுச்சு. இந்த சாமி, இங்க இருக்கிற பழங்குடி மக்களான சோளகர் வீட்டுப் பொண்ணு குசுமாலையைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதா ஐதீகம், அதனால அந்த மக்களுக்கு சாமி மச்சான் முறை. சாமி காட்டுல நடந்து நடந்து செருப்பு தேஞ்சு போகும்னு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பெரிய தோல் செருப்பு சமர்ப்பிக்கிறாங்க, எவ்வளவு உரிமையான பக்தி பாருங்க!

அப்புறம் மரம். புலிகள் காப்பகங்கிறதால நம்ம இஷ்டத்துக்குப் போக முடியாது, பாரஸ்ட் டிபார்ட்மென்ட் அனுமதி வாங்கி ஒரு சோளகர் அண்ணா துணையோடதான் போனோம். பார்கவி ஆத்துப் பக்கம் திடீர்னு அது முன்னால நிக்குது. செண்பக மரம்தான், ஆனா நம்ம கோயில் நந்தவனத்துல பார்க்கிற செண்பகத்தை வச்சு இதைக் கற்பனையே பண்ண முடியாது, உயரம் 34 மீட்டர், அடி சுற்றளவு 20 மீட்டர்னு சொல்றாங்க, வயசு 600 வருஷத்துக்கு மேலயாம், பல மரம் ஒட்டி ஒண்ணா ஆன மாதிரி முண்டும் முடிச்சுமா அடிமரம், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாலும் உச்சி தெரியல. அடியில வேருக்கு நடுவுல எங்க பார்த்தாலும் சின்னச் சின்ன கல் லிங்கம். சோளகருக்கு இந்த மரமே சிவன். கோபுரம் இல்ல, கதவு இல்ல, மணி கூட இல்ல. அண்ணா செருப்பை தூரத்துலயே விட்டுட்டு வந்து ஒரு கைப்பூ வச்சு கும்பிட்டார், நாங்களும் விழுந்து கும்பிட்டோம், எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

இந்த மரம் இவ்வளவு காலம் நிக்குதுன்னா அது அந்த மக்களாலதான்னு நான் உறுதியா நம்பறேன். 1974ல சரணாலயம்னு அறிவிச்ச பிறகு அவங்கள்ல பல பேரை காட்டு உள்பகுதியில இருந்து வேற இடத்துல குடியமர்த்தினாங்க, சருகை மட்டும் லேசா எரிய விடற அவங்க பழைய வழக்கத்தையும் நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம்தான் உண்ணிச்செடிங்கிற (லாண்டனா) களை காடு முழுக்க மண்டிப் போச்சுன்னு சோளகர் பெரியவங்க சொல்றாங்க, வழி நெடுக நாங்களே பார்த்தோம். 2011ல வன உரிமைச் சட்டப்படி காட்டு மேல அவங்களுக்கு இருக்கிற சமூக உரிமையை அங்கீகரிச்சாங்க, அந்த வருஷம்தான் புலிகள் காப்பகமும் ஆச்சு. சாமியைக் கும்பிட அவங்க யார்கிட்டயும் அனுமதி கேட்டு நிக்கிற நிலைமை வரக்கூடாது.

போறவங்க முதல்லயே அனுமதி விசாரிச்சுக்கோங்க, பிளாஸ்டிக், கற்பூரம் எதுவும் காட்டுக்குள்ள வேண்டாம், ரெண்டு பூ போதும்.