மேலாளர் நாற்காலியில் பழைய கேப்டன்

அமெரிக்காவின் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் ரசிகர்களுக்கு ஸ்டீவ் ஐசர்மன் என்றால் 1997, 1998, 2002-இல் ஸ்டான்லி கோப்பை என்ற சாம்பியன் பட்டக் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிய கேப்டன். 2019 ஏப்ரலில் அவர் வீரர்களைத் தேர்வு செய்யும் பொது மேலாளராகத் திரும்பியதும், 'இனிக் கவலையில்லை' என்று நெகிழ்ந்துபோனார்கள். அந்தப் பாசம் நியாயமானதுதான். ஆனால் மேலாளர் கையில் மட்டை கிடையாதே!

2019-20 சீசனில் 71 ஆட்டங்களில் 17 வெற்றி, கடைசி இடம். பின்தங்கிய அணிகளுக்குத்தான் இளம் வீரர் தேர்வில் முன்னுரிமை; அப்போதும் முதல் வாய்ப்பு உறுதியில்லை. 2020 குலுக்கலில் கடைசி அணிக்கு முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு 18.5 சதவீதம்தான்; அன்றைய விதிப்படி மூன்று இடம் வரை சறுக்கலாம். சறுக்கியது. நான்காவதாக லூகாஸ் ரேமண்டை எடுத்தார்கள், அருமையான தேர்வு. 2019-இல் ஆறாவதாக எடுத்த மோரிட்ஸ் சைடர் ரெட் விங்ஸுக்காகக் களமிறங்கியதே 2021-இல்தான். பதினெட்டு வயதுப் பையன்கள் தேற அவ்வளவு காலம் பிடிக்கும். அதுவரை தோற்கும் ஆட்டத்தை டிக்கெட் வாங்கிப் பார்ப்பவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். அது ஐசர்மன் மேலேயே திரும்புவதுதான் வலிக்கிறது.