ஜீனி கேள்வியில் நான் கோட்டை விட்டது எங்கே?

எம்.ஏ. தமிழ் படித்தபோது மொழியியல் தாளுக்கு ஒரு மாதிரித் தேர்வு வைத்தார்கள். ‘மொழி கற்க வயது வரம்பு உண்டா? ஆராய்க’ என்று 15 மதிப்பெண் கேள்வி. படித்த கேள்வியாயிற்றே என்று மளமளவென எழுதினேன். பருவமடையும் வயதுக்குள் முதல்மொழி வாய்க்காவிட்டால் பிறகு முழுமையாக வராது என்றார் மொழி ஆய்வாளர் லென்னெபெர்க் (1967). பேச்சே கேட்காமல் அறையில் தந்தையால் அடைத்து வைக்கப்பட்டு, 1970இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே 13 வயதில் மீட்கப்பட்ட ஜீனி என்ற சிறுமிக்கு அப்படித்தான் ஆயிற்று. ஆகவே கொள்கை நிரூபணமானது. மூன்று பக்கம்! கிடைத்தது 6. ஓரத்தில் சிவப்பு மையில் ஐயா எழுதியிருந்தார்: ‘அவளுக்குக் கிடைக்காதது மொழி மட்டும்தானாம்மா?’

அந்த ஒரு வரிதான் விடையின் சாவி. பகலெல்லாம் சிறுநீர்க்கழிப்பு நாற்காலியில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். சத்தம் போட்டால் அடி. வயிற்றுக்குச் சரியான சாப்பாடு இல்லை. போதாததற்கு, கைக்குழந்தையாக இருந்தபோதே மூளை வளர்ச்சி குறைவோ என்று ஒரு மருத்துவர் சந்தேகப்பட்டிருக்கிறார். இதில் எது மொழியைத் தடுத்தது என்று எப்படிப் பிரிப்பது? பக்கத்திலேயே இசபெல்லை வையுங்கள். ஒஹாயோவில், காது கேளாத, பேசாத தாயுடன் அடைபட்டு, ஆறரை வயதில் 1938இல் வெளியே வந்தவள். இரண்டே ஆண்டில் மற்ற பிள்ளைகளை எட்டிவிட்டாள். வயதும் வேறு, உடன் ஒரு தாயும் இருந்தாள். இந்த ஒப்பீட்டுக்கே மதிப்பெண் உண்டு.

தமிழ்வழியில் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஜீனியின் பேச்சை எடுத்துக்காட்டும்போது நம் கை தானாகத் திருத்திவிடும். ‘அப்பா பெரிய கட்டையால் கையில் அடித்தார், நான் அழுதேன்’ என்று எழுதினேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னது ‘அப்பா அடி கை. பெரிய கட்டை. ஜீனி அழு’ என்ற மாதிரி. ‘ஆல்’, ‘இல்’, ‘தார்’, ‘தேன்’ எல்லாம் நான் போட்டவை. சொற்கள் பெருகின, இலக்கணம் கூடிவரவில்லை என்று அவள் பேச்சை ஆராய்ந்த மொழியியலாளர் சூசன் கர்டிஸ் காட்டியதே அந்த உருபுகள் இல்லாத இடத்தில்தான். திருத்தினால் சான்று காலி.

அப்புறம் அறம். கடைசி ஐந்து நிமிடத்தில் ‘குழந்தைகளைத் துன்புறுத்தக் கூடாது’ என்று ஒட்டுப்போடும் பத்தி அல்ல இது. அவளுக்குச் சிகிச்சை தந்த உளவியலாளர் ரிக்லரே ஆய்வுக்கும் தலைவர், அவர் வீடே சில ஆண்டுகள் வளர்ப்பு வீடு. வளர்க்கிற கையே அளக்கவும் செய்தால் தரவை எப்படி நம்புவது, அவளால் வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்? இரண்டும் ஒரே சிக்கல். 1974இல் ஆய்வுக்கான நிதி நின்றது. மறு ஆண்டு அந்த வீடும் இல்லை. பிறகு போன ஒரு வளர்ப்பு வீட்டில் வாந்தி எடுத்ததற்குத் தண்டித்தார்கள். அதோடு வாயைத் திறக்கவே பயந்தாள். பேச்சுக்காகவே ஆராயப்பட்ட பெண்! மிதமிஞ்சிய சோதனை என்று 1979இல் தாய் வழக்குத் தொடுத்ததையும் இங்கேயே சேருங்கள்.

இன்னொன்று. ஜீனி என்பது அடையாளத்தை மறைக்க வைத்த பெயர். என் தோழி ஒருத்தி உண்மைப் பெயரைத் தேடிப் பிடித்து விடைத்தாளில் எழுதினாள். ஐயா அதை மட்டும் அடித்துவிட்டுத் திருத்தினார்.