இகாவில் நிஞ்சா நடை பழகியது

நிஞ்சா வித்தை கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் தோக்கியோ வேண்டாம். அங்கே கிடைப்பது கறுப்பு உடை, நாலு புகைப்படம், கொஞ்ச நேரம் நட்சத்திரத் தகடு எறிதல். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் அந்த வித்தை பிறந்த மண்ணிலேயே பழக ஆசைப்படுகிறவர்கள் மியே மாகாணத்து இகாவுக்கோ, மலைக்கு அந்தப் பக்கம் ஷிகா மாகாணத்தில் இருக்கும் கோகாவுக்கோதான் போக வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது இகா.

ஒசாகாவிலிருந்து கின்டெட்சு ரயிலில் இகா-கம்பே வரை வந்து, அங்கே இகா ரயில்வேயின் குட்டி வண்டிக்கு மாற வேண்டும். முகப்பில் முறைக்கும் கண்களோடு நிஞ்சா முகம் வரைந்த வண்டி. இறங்க வேண்டிய உவெனோ-ஷி நிலையத்துக்கே ‘நிஞ்சா-ஷி’, அதாவது நிஞ்சா நகரம், என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர் முழுக்க இதே கதைதான். நிலையத்துக்கு வடக்கே கொஞ்சம் நடந்தால் கோட்டைப் பூங்கா, அதற்குள் நிஞ்சா அருங்காட்சியகம். வெளியே பார்த்தால் கூரை வேய்ந்த சாதாரண விவசாயி வீடு. உள்ளே சுழலும் சுவர், மறைவு ஏணி. தரைப் பலகையின் ஓரத்தைக் காலால் அழுத்தினால் மறுமுனை தூக்கிக்கொண்டு, அடியில் இருக்கும் வாள் கைக்கு வருகிறது. காட்டிய பெண் அதைக் கண் இமைப்பதற்குள் செய்து முடித்தார். இகா போகிறவர்கள் இதைத் தவறவிட வேண்டாம், இதோடு திரும்பியும் விட வேண்டாம்.

பயிற்சிக்கு நான் போன இடம் வேறு. ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் ஒருவர் தன் பழைய வீட்டில் ஒரு நேரத்தில் நாலைந்து பேருக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கிறார் என்று நான் தங்கியிருந்த வீட்டு அம்மாதான் சொன்னார். மொழிபெயர்ப்புச் செயலியை வைத்து ஒரு கடிதம் அனுப்பினேன். பதிலில் வெறும் கேள்விகள். முழங்கால் வலி உண்டா, தரையில் உட்கார முடியுமா, பாதம் எத்தனை சென்டிமீட்டர்? சம்மணம் போட்டு மணிக்கணக்கில் உட்காருவேன் என்று பெருமையாக எழுதினேன். ஆனால் அவர்கள் உட்காருவது மண்டியிட்டு, குதிகால் மேல். அந்த வகையில் நம் சம்மணத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

சென்செய்க்கு, அதாவது எங்கள் ஆசிரியருக்கு, அறுபது வயதைத் தாண்டியிருக்கும். நெல் விவசாயி. முதல் நாள் தேநீர் ஊற்றும்போதே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “நான் நிஞ்சா இல்லை. அந்த வேலையே இப்போது கிடையாது. என் ஆசிரியர் சொன்னதையும் பழைய சுவடிகளில் இருப்பதையும் சொல்லித் தருகிறேன்.” அந்தப் பேச்சிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் சொன்ன சுவடிகளில் பெரியது ‘பன்சென்ஷூகாய்’. புஜிபயாஷி யசுதாகே என்பவர் 1676இல் தொகுத்தது. அந்த வருடத்தைக் கவனிக்க வேண்டும். அன்று ஜப்பானின் பெரும் போர்த்தலைவராக இருந்த ஒதா நொபுநாகாவின் பெரும்படை இகாவை எரித்தது 1581இல். அதற்கு இரண்டு வருடம் முன்பு அவர் மகன் நொபுகாட்சு தன் படையோடு வந்து இகாக்காரர்களிடம் தோற்று ஓடியிருந்தார். அதற்குப் பழி தீர்த்த படையெடுப்பு அது. மறு வருடமே நொபுநாகா துரோகத்தால் இறந்தபோது, அவருடைய கூட்டாளியாக இருந்ததால் ஆபத்தில் மாட்டிக்கொண்ட தோகுகாவா இயெயாசு இந்த மலைகள் வழியாகத்தான் தன் ஊருக்குத் தப்பிப் போனார். வழித்துணைக்கு வந்தவர்கள் இகாவின் ஆட்கள். அதன் பிறகு நாட்டில் சண்டை ஓய்ந்து, வித்தை மறந்துபோகும் நிலை வந்தபோதுதான் யாரோ ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார். அந்த நூல் ஆயுதத்தில் தொடங்கவில்லை, நேர்மையான மனதில் தொடங்குகிறது. மனம் கோணிவிட்டால் இந்த வித்தை வெறும் திருட்டு என்கிறது.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். உடையே முதல் பாடம். கறுப்பு உடை கிடைக்கவில்லை! அடர்நீலத்தில் வயல்வேலை உடை கொடுத்தார். கறுப்பு நாடக மேடையிலிருந்து ஒட்டிக்கொண்டது என்பது அவர் கட்சி. மேடையில் கறுப்பு உடுத்தியவர் கண்ணுக்குத் தெரியாதவர் என்பது கபுக்கி நாடக மரபு. இருட்டில் முழுக் கறுப்பு தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும், நீலம்தான் கரையும் என்றார். மாலை மங்கியதும் இரண்டு துணிகளையும் மரத்தடியில் தொங்கவிட்டுக் காட்டவும் செய்தார். காலுக்கு ஜிகா-தாபி: பெருவிரலுக்குத் தனி அறை வைத்த துணிக்காலணி, மெல்லிய ரப்பர் அடி. கணுக்காலுக்குப் பின்னால் நகம் அளவு உலோகத் தகடுகளை நூல் வளையங்களில் ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். கீழேயிருந்து மேலே கோத்தால் சுருக்கம் இல்லாமல் நிற்கும். முதல் முறை எனக்கு வியர்த்துவிட்டது.

அப்புறம் நடை. பயிற்சி நாட்களின் பெரும்பகுதி நடந்துகொண்டேதான் இருந்தோம். 1681இல் எழுதப்பட்ட ‘ஷோனின்கி’ என்ற இன்னொரு சுவடியில் பத்து வகை நடை சொல்லப்பட்டிருக்கிறது. எங்களுக்கு நன்றாகப் பழக்கியது ‘நுகியாஷி’. நாற்று வயல் சேற்றிலிருந்து காலை உருவுவது மாதிரி, பாதத்தை நேராக மேலே எடுக்க வேண்டும். வைக்கும்போது சுண்டுவிரல் பக்கத்து விளிம்பு முதலில் தரையைத் தொட வேண்டும். அங்கே ஒரு கணம் நின்று, அடியில் என்ன இருக்கிறது என்று பாதத்தாலேயே பார்த்துவிட்டு, அதன் பிறகு பெருவிரல் பக்கம் எடையை இறக்க வேண்டும். இடுப்பு எப்போதும் தாழ்ந்தே இருக்கும், தலை மேலும் கீழும் ஆடவே கூடாது.

கேட்க எளிதாக இருக்கும். சென்செய் நடைக்கூடத்தில் நாளிதழ் தாள்களை நனைத்து வரிசையாக விரித்துவிட்டு, கிழியாமல் போ என்றார். என் முதல் தாள் இரண்டாகப் போனது. குதிகால் திரும்பும்போதுதான் கிழிகிறது என்று கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. காலை வைத்த பிறகு திருப்பக்கூடாது. போகும் திசையைக் கால் காற்றில் இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். அவர் நடந்த தாளை எடுத்துப் பார்த்தேன். ஈரத்தில் விளிம்பு மட்டும் லேசாகப் பதிந்திருந்தது. மரத்தரையில் நடுவில் நடக்காதே, சுவரோரமாகப் போ, பலகையை ஆணியடித்த இடம் முனகாது என்று ஒரு குறிப்பும் தந்தார். இது இப்போது என் வீட்டில் இரவில் தண்ணீர் குடிக்கப் போகும்போதுகூட உதவுகிறது.

இன்னும் அமைதி வேண்டுமென்றால் ஒரு கொடுமையான வழி இருக்கிறது. குந்தி உட்கார்ந்து, உள்ளங்கைகளைத் தரையில் வைத்து, கைகளின் முதுகின் மேல் பாதங்களை வைத்து நகர வேண்டும். தூங்குகிறவர் அறையைத் தாண்டுவதற்கான முறையாம். சத்தமே வரவில்லை, உண்மைதான். அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போவதற்குள் தொடை நடுங்கியது. அடுத்த நாள் மாடிப்படி இறங்கும்போது நான் போட்ட சத்தத்தில் எந்த எதிரியும் விழித்திருப்பான்.

நீண்ட தூரத்துக்கு மூச்சுக்கணக்கு. இழு, விடு, விடு, இழு, விடு, இழு, இழு, விடு. நடையோடு சேர்த்து இதை மனதுக்குள் எண்ணிக்கொண்டே போனால் களைப்பைப் பற்றி யோசிக்க மனதுக்கு நேரமே கிடைப்பதில்லை. மூச்சு நுட்பமா, வெறும் கவனத் திருப்பமா என்று எனக்குத் தெளிவில்லை. ஆனால் மலை ஏறும்போது வேலை செய்தது. கவிஞர் பாஷோ 1644இல் பிறந்தது இதே இகாவில்தான். 1689இல் கிளம்பி மாதக்கணக்கில் வட ஜப்பானை நடந்தே சுற்றியவர். அவரும் ரகசிய ஒற்றர்தான் என்று ஊரில் ஒரு வதந்தி சுற்றுகிறது. ஆதாரம் ஒன்றும் இல்லை, நல்ல நடைக்காரர் என்பது மட்டும் நிச்சயம்.

விரல்களைப் பின்னிச் செய்யும் ஒன்பது முத்திரைகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ரின், ப்யோ, தோ, ஷா, காய், ஜின், ரெட்சு, ஜாய், ஜென் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அசை. அசைகள் சீனத் தாவோ மரபிலிருந்து வந்தவை, கைமுத்திரைகள் தந்திர பௌத்தத்தின் வழியாக நம் பக்கமிருந்து போனவை. போர்வீரர்கள் காப்புக்கு வேண்டிக்கொண்ட மரிஷிதென் என்ற தெய்வமும் மரீசி என்று இந்தியாவிலிருந்து போன பௌத்த தேவதைதான். அவளுக்கான மந்திரத்தை சென்செய் ஜப்பானிய உச்சரிப்பில் சொல்ல, அதில் ஓமும் ஸ்வாஹாவும் எனக்குக் கேட்டது. நான் திருப்பிச் சொன்னதும் அவர் தன் நோட்டை எடுத்துவந்து குறித்துக்கொண்டார். புகை கக்கி மறைவதற்கான மந்திரம் இல்லை இது. கை நடுங்கும் நேரத்தில் மனதை ஓரிடத்தில் கட்டிப்போடும் பழக்கம், அவ்வளவுதான்.

எல்லோரும் கேட்பது ஷூரிக்கென் என்ற எறியாயுதம் பற்றி. எறிந்தோம். மணிக்கட்டைச் சுண்டாமல், முன்காலை வைத்துத் தோளிலிருந்து நேராகக் கையை இறக்கினால் தாதாமிப் பாயில் ‘தொக்’கென்று குத்தி நிற்கும். முனைகள் பல இருக்கும் தகடு எப்படியும் எங்காவது குத்தும். குச்சி வடிவம்தான் ஆளைப் படுத்துகிறது. சென்செய்க்கு இதில் பெரிய ஆர்வமில்லை. இரும்பு விலை அதிகம், கனம் அதிகம், சோதனையில் மாட்டினால் தலை போகும்; ஒற்றன் எதற்கு அதை மடியில் கட்டிக்கொண்டு அலைய வேண்டும் என்பார்.

ஒருநாள் நபாரி பக்கம் அகாமே நாற்பத்தெட்டு அருவிகளுக்கு அனுப்பிவைத்தார். இகா நிஞ்சாக்கள் பயின்ற இடம் என்று சொல்லப்படும் பள்ளத்தாக்கு. நுழைவாயிலில் ராட்சத சாலமாண்டர்களைத் தொட்டிகளில் வைத்திருக்கிறார்கள், பாறை என்று நினைத்தது திடீரென்று வாய் திறக்கும். உள்ளே நாலு கிலோமீட்டர் பாதை, பாசி படிந்த பாறை. நுகியாஷி எதற்கு என்பது அங்கேதான் முழுசாகப் புரிந்தது. எடையை இறக்குவதற்கு முன் பாதம் கேட்கும் அந்த ஒரு கணம், வழுக்கும் பாறையில் நம்மைக் காப்பாற்றுகிறது. விடுமுறை நாளில் போகாதீர்கள், கூட்டம் தாங்காது.

சாப்பாட்டில் மீன்சாறு இல்லாத குழம்பு தேடுவது சைவர்களுக்குத் தனிப் பயிற்சி. ஆனால் நிஞ்சாக்களின் வழியுணவான ஹ்யோரோகன் உருண்டை முழுச் சைவம். அரிசி மாவு, பசையரிசி மாவு, தாமரை விதை, கிழங்கு மாவு, ஜின்செங், பட்டை, கற்கண்டு எல்லாம் பொடித்துப் பிசைந்து, உருட்டி, ஆவியில் வேகவைப்பது. பிசையும்போது பட்டை வாசனை வீட்டையே நிறைத்தது. சுவை சுமார். இரண்டு தின்றால் பசி அடங்கிவிடும் என்பது நிஜம்.

கடைசிப் பயிற்சி ஊருக்குள். நிஞ்சாவின் ஏழு வேடங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. கூடையால் முகம் மறைத்துக் குழல் ஊதும் துறவி, பிக்கு, மலைத்துறவி, வணிகர், தெரு வித்தைக்காரர், நாடகக்காரர், ஏழாவது அந்த ஊர் சாதாரண ஆள். “நீ எதுவாகப் போவாய்?” என்றார் சென்செய். நான் சாதாரண ஆளாக என்றேன். என் நிறத்தையும் மீசையையும் ஒரு முறை பார்த்துவிட்டு அவர் தலையாட்டினார். “நீ வழி தெரியாத சுற்றுலாப் பயணி. அதைவிட நல்ல வேடம் உனக்கு இல்லை. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.”

வேலை இதுதான்: கதாயாகி விற்கும் ஒரு கடைக்குள் போய், எதையும் எழுதாமல், பார்த்ததை நினைவில் கொண்டுவர வேண்டும். கதாயாகி என்பது கல் மாதிரி கெட்டியான கோதுமை வட்டம். உடைக்க மரச்சுத்தியல் தருவார்கள். நினைவுக்கு உடம்பையே பட்டியலாக்கும் முறை சொல்லிக்கொடுத்திருந்தார். ஒன்று தலை, இரண்டு நெற்றி, மூன்று கண், நான்கு மூக்கு என்று வரிசை. பார்ப்பதை அந்தந்த உறுப்பில் ஒட்டிவைக்க வேண்டும். பின்கதவு இடப்பக்கம் சறுக்கும் என்பதைத் தலையில் வைத்தேன், அடுப்புக்கு முன்னால் மூன்று மெத்தைகள் நெற்றியில், கண்ணில் மணி கட்டிய பூனை.

கடைப் பாட்டி எனக்குத் தேநீர் கொடுத்தார். செயலியில் பேசிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து சென்செயிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பூனை வரை சரி. “அவர் உன்னிடம் என்ன கேட்டார்?” என்றார். எந்த ஊர், என்ன வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா, எங்கே தங்கியிருக்கிறாய், எப்போது கிளம்புகிறாய். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருந்தேன். சென்செய் சிரித்த சிரிப்பில் தேநீர் மேஜையில் கொட்டியது. பாட்டிக்கு முழு மதிப்பெண், எனக்குப் பாதி.

போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரல், மே, இல்லையென்றால் இலை நிறம் மாறும் நவம்பர். ஜூன் மழையில் அருவிப் பாதை ஆபத்து. ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் செயலியை வைத்து ஒப்பேற்றிவிடலாம். பாத அளவு இருபத்தெட்டு சென்டிமீட்டருக்கு மேல் என்றால் ஜிகா-தாபியை ஒசாகாவிலேயே தேடி வாங்கிக்கொண்டு போங்கள், சின்ன ஊர்க் கடைகளில் கிடைப்பது சிரமம்.