மிக்கலீன் தாமஸின் சோபா உறைகள்

மிக்கலீன் தாமஸ் ஓவியத்தில் முதலில் கண்ணைப் பறிப்பது சோபா உறைதான்! நியூஜெர்சியில் 1971இல் பிறந்த கறுப்பினக் குயர் (பால்புதுமையர்) ஓவியர். 1970களின் வரவேற்பறை ஒன்றை ஸ்டுடியோவிலேயே ஜோடிப்பார். பூப்போட்டது, சிறுத்தைப்புள்ளி என்று துணிமேல் துணி. அதில் தான் நேசிக்கும் பெண்களைச் சாய்ந்து உட்காரவைத்துப் படமெடுத்து, வெட்டி ஒட்டிக் கொலாஜ் ஆக்கி, பிறகுதான் மரப்பலகையில் அக்ரிலிக், எனாமல் வண்ணங்கள், ஜிகினாக் கற்கள். 2010இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமான மோமாவுக்குச் செய்த ஓவியம் 10 அடிக்கு 24 அடி. மூன்று கறுப்பினப் பெண்கள், நிதானமாக நம்மையே பார்க்கிறார்கள்.

முயன்று பார்ப்பவர்களுக்கு: துணி மடிப்புக்கு நிழல் தீட்டாதீர்கள். டிசைன் தட்டையாக வந்து, மடிப்பில் பட்டென்று வெட்டுப்பட வேண்டும். இல்லையென்றால் வெறும் திரைச்சீலைதான். தோலுக்குக் கறுப்பு டியூபைப் பிதுக்கினால் உயிர் போய்விடும். பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பில் அல்ட்ராமரீன் நீலம், துளி சிவப்பு கலந்தால் போதும். வெளிச்சத்துக்கு வெள்ளை சேர்த்தால் சாம்பல் பூக்கும், காவி மஞ்சள் போதும். ஆயில் எனாமல் காய்ந்த அக்ரிலிக்மேல் நிற்கும். எனாமல்மேல் அக்ரிலிக் பூசினால் உரியும். கற்களுக்குப் பலகையே நல்லது, தொய்யும் கேன்வாஸில் உதிரும். உதடு, இமை, கூந்தல் ஓரம் போதும். சோபாவுக்கும் ஒட்டினால் முகம் காணாமல் போகும்.